பக்கத்து ஸீட்டில் இருந்தவர்

டிரைவிங் மாஸ்டருக்குச் சத்தம் போடாமல் பேச வராது. வீட்டுக்குள் அவர் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொம்போடு வந்து நிற்பார்கள் என்று அவர் மனைவி சொல்வாள். அதில் பாதிதான் கிண்டல்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த படம். பள்ளிக்கூடம் அவ்வளவுதான். வாசலில் தலையில் பலகை கட்டிய பழைய வெள்ளைக் கார். மாஸ்டரின் மனைவி மேசையில் உட்கார்ந்து போனை எடுப்பாள், விண்ணப்பம் எழுதுவாள், புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கண் கலங்கி வரும் பிள்ளைகளைத் தேற்றி மறுநாளும் வரவழைப்பாள். பள்ளி நடப்பதே அவளால்தான். மாஸ்டரும் அதை ஒப்புக்கொள்வார், அவள் இல்லாத இடமாகப் பார்த்து.

மனுஷன் கெட்டிக்காரர், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவரிடம் படித்தவர்கள் யாரும் பிறகு எங்கேயும் போய் முட்டியதில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்க அவருக்கு வாய் மட்டும் போதாது, கையும் வேண்டும். "பிரேக்" என்னும்போதே கை டாஷ்போர்டில் படீரென்று விழும். கண்ணாடியைப் பார் என்பதற்குக் கை மேலே பறக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்வதற்குக் குறுக்கே பாயும். ஒருத்தரையும் ஒரு தட்டுத் தட்டியதில்லை. மனசு சுத்த வெள்ளை. மனசு வெள்ளையாக இருந்தால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான், நானும் அங்கேதான் வருகிறேன்.

மாணவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது அவர் வழக்கம். வேகம் பிடித்த பையன் ராக்கெட். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஆமை. மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள், இருபதைத் தாண்டியவள். கார்க் கதவைத் திறக்கும்போது ஸாரி சொன்னாள். பெல்ட் சிக்கிக்கொண்டதற்கு ஸாரி சொன்னாள். மாஸ்டர் தும்மினார், அதற்கும் ஸாரி. அன்றைக்கே அவளுக்கு 'ஸாரி' என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை.

கிடங்கில் மருந்து கொண்டுபோகும் வேனுக்கு டிரைவர் இடம் காலியாகப் போகிறதாம், லைசென்ஸ் வந்தால் அந்த வேலை தனக்குத்தானாம். அதைச் சொன்னபோது மட்டும் அவள் முகம் நிமிர்ந்தது.

கை வாகு பிரமாதம். கிளச்சை விடுவதெல்லாம் பூப்போல. ஆனால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று உடம்பு விறைத்து, கால் கிளச்சை விட்டு நழுவி, வண்டி குலுங்கி நின்றுவிடும். "ஸாரி மாஸ்டர்." மறுபடி கிளப்புவாள், மறுபடி அதே கதை. மாஸ்டர் தொண்டை வறளக் கத்திப் பார்த்தார். கத்தக் கத்த மோசமானதே தவிர ஒரு பிரயோஜனமும் இல்லை.

பயந்த சுபாவம், போக்குவரத்தைக் கண்டு மிரள்கிறாள் என்று முடிவுகட்டி, விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் ஆளரவமே இல்லாத காலி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வண்டி பத்தடிக்கு ஒரு தரம் நின்றது. திரும்பும்போது பாலத்து ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் சந்தைத் தெருவுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. பின்னால் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஒரு லாரி, முன்னால் தக்காளி வண்டி, இரண்டு பக்கமும் ஜனம். மாஸ்டர் ஒரு கையால் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸீட்டை இறுக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவளோ நூல் பிடித்த மாதிரி ஓட்டி வெளியே வந்துவிட்டாள். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டில் மாஸ்டருக்குக் கவனமே இல்லை. "லாரிக்குப் பயப்படாதவ காலி கிரவுண்டுல எதுக்குப் பயப்படறா?"

"அங்க உங்களைத் தவிர வேற என்ன இருக்கு?" என்றாள் மனைவி, கரண்டியை நீட்டிக்கொண்டே.

வழக்கமான கிண்டல் என்று நினைத்து மாஸ்டர் அதைச் சட்டை செய்யவில்லை. அங்கேதான் கோட்டை விட்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் அவள் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவதோ நாலாவதோ படிக்கும் பிள்ளை. பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் விட முடியாது, பின் ஸீட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள் என்றாள் அக்கா. சத்தமில்லாமல்தான் உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். அது அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கியது. இரண்டைத் தின்றுவிட்டு மீதியைப் பைக்குள் அடியில் தள்ளி மூடி வைத்தது. அந்த வெயிலில் மணிக்கட்டு வரை முழுக்கைச் சட்டை.

"என்ன அடக்கம் பாரு. நல்ல வளர்ப்புன்னா இதான்" என்று மாஸ்டர் மனசாரப் பாராட்டினார். அக்கா பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

வண்டி இன்னும் கிளம்பவில்லை, எஞ்சின்கூடப் போடவில்லை. நடுக் கண்ணாடி சரிந்திருந்தது. திருப்பி வைக்கலாமென்று மாஸ்டர் விசுக்கென்று கையைத் தூக்கினார்.

இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. முன் ஸீட்டில் பெரியவள், பின் ஸீட்டில் சின்னவள். இரண்டு பேருக்கும் கண் இறுக மூடி, தோள் காதுவரை ஏறி, ஒரு முழங்கை முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. ஒரே அச்சு. அடுத்த நொடி இரண்டு பேரும் நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நேரே பார்த்தார்கள். "ஸாரி மாஸ்டர்" என்றாள் பெரியவள்.

மாஸ்டர் தூக்கிய கையை மெல்ல இறக்கினார். காலி மைதானமும் சந்தைத் தெருவும் சேர்ந்தாற்போல் நினைவுக்கு வந்தன. சந்தையில் அவருடைய இரண்டு கைகளும் பிடியைப் பற்றிக்கொண்டிருந்தன. அதனால்தான் இவள் ஓட்டினாள். இவளுக்கு ரோட்டைக் கண்டு ஒரு பயமும் கிடையாது. பக்கத்து ஸீட்டைக் கண்டுதான் பயம். ஒரு கை உயர்ந்தால் அடுத்தது என்ன என்று இந்த இரண்டு உடம்புகளுக்கும் யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதைப் போய் நல்ல வளர்ப்பு என்றோமே என்று தன் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கும் கையைத் தூக்க வேண்டுமே என்று விட்டுவிட்டார்.

கண்ணாடி சரிந்தே இருந்தது. மாஸ்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "கண்ணாடியை நீயே சரி பண்ணிக்கோம்மா. போலாம்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவரே கேட்டதில்லை.

அன்றைக்கு மைதானத்தில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. வகுப்பு முடிந்து திரும்பும்போது சின்னவள் பின்னாலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அக்கா, சுத்திப் போலாமா? வீட்டுக்கு அப்புறம் போலாம்."

பள்ளி வாசலில் பிஸ்கட் பையைத் தூக்கிக்கொண்டு அது இறங்கும்போது சட்டைக்கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே கோடு கோடாகத் தழும்பு. சில பழசு, ஒன்று புதுசு. "இது என்னடா கண்ணு?" என்று மாஸ்டர் கேட்டார். பிள்ளை பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "விழுந்துட்டா மாஸ்டர். அடிக்கடி விழுவா."

மாஸ்டர் தன் மனைவியைப் பார்த்தார். அவளும் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். சின்னவளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து மூலையில் உட்காரவைத்துவிட்டு, பெரியவளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குறுக்கு விசாரணை ஒன்றும் செய்யவில்லை. "நீயும் சின்ன வயசுல அடிக்கடி விழுவியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பெண் மூலையிலிருந்த தங்கையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். அப்பாதான். அம்மா போன பிறகு ஆரம்பித்தது. "என்னை இப்ப அடிக்கிறதில்ல. நான் சம்பாதிக்கிறேன்ல. நான் ஷிப்டுக்குப் போற நாள்ல அவளை வெளியில தள்ளிக் கதவைச் சாத்திடறாரு. சோறு கிடையாது. வேன் வேலை கிடைச்சா தனியா ரூம் எடுத்து அவளைக் கூட்டிட்டுப் போயிடுவேன் மாஸ்டரம்மா. லைசென்ஸ் வர்ற வரைக்கும்தான்."

மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "எங்கடா இருக்கான் அந்த ஆளு? இப்பவே போய்க் கையை முறிச்சு அடுப்புல வைக்கிறேன்" என்று எழுந்து நின்றார்.

"அங்க பாருங்க" என்றாள் மனைவி.

மூலையில் தாளும் பென்சிலும் மட்டும்தான் இருந்தன. பிள்ளை மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டிருந்தது. மாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்யப் போனாள். பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். எங்களைப் பிரிச்சுடுவாங்க."

"பிரிக்கலாம்மா. இல்லைன்னு உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா லைசென்ஸ் வர்ற வரைக்கும் அவ தாங்கணுமே. அடுத்த அடி எங்க விழும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." அவள் போனை வைக்கவில்லை.

நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். சின்னவளோடு தரையில் உட்கார்ந்து தனியாகப் பேசினார், டாக்டரிடம் காட்டினார், பள்ளியில் விசாரித்தார். பள்ளி டீச்சர், "வகுப்புலயே அவதான் சமத்து, வாயே திறக்க மாட்டா" என்றாராம். கடைசியில் பிள்ளையை ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அக்காவிடம் அந்த அம்மா ஒன்றை உறுதியாகச் சொன்னார்: கையில் நிலையான வேலை, தலைக்கு மேல் ஒரு கூரை, இவை இரண்டும் வந்தால் தங்கையைக் கேட்க அவளுக்குத்தான் முதல் உரிமை. ஆக எல்லாம் அந்த லைசென்ஸில் வந்து நின்றது.

அதற்குப் பிறகு அவள் சில நாள் வரவில்லை. வந்தபோது வணக்கமும் இல்லை, ஸாரியும் இல்லை. கதவை அறைந்து சாத்தினாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என் தங்கச்சியை அனுப்பிட்டீங்க" என்றாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாம்மா, அனுப்பினோம். கியரை மாத்து" என்றார் மாஸ்டர், கைமேல் உட்கார்ந்தபடி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இன்னைக்கு என்னை நல்லாத் திட்டிட்டா" என்றார். ஏதோ பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். மற்றவர்களின் வகுப்பிலும் அவர் கை தொடைக்கு அடியிலேயே தங்கிவிட்டது. "குளிருதா மாஸ்டர்?" என்று ராக்கெட் கேட்டான். "ஆமாண்டா, நீ ரோட்டைப் பாரு" என்று கத்தினார். வாயை மட்டும் அவரால் முழுசாகக் கட்ட முடியவில்லை. அது பிறவிக் குணம்.

பரீட்சை நாள் வந்தது. மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் கை சரி, அதிகாரி கைக்கு என்ன செய்வது? அந்த மனுஷர் பேனாவை நீட்டி நீட்டித்தான் வழி சொல்வார். முதல் திருப்பத்திலேயே இவள் குனிந்தால் வண்டி நிற்கும், வேலை போகும், அந்தப் பிள்ளை இல்லத்திலேயே கிடக்கும். முன்கூட்டியே போய் அதிகாரி காதில் போட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார். "அது அவ கதைங்க. சொல்றதும் சொல்லாததும் அவ இஷ்டம்" என்று தடுத்துவிட்டாள்.

அதிகாரி ஏறி உட்கார்ந்து கோப்பை விரித்தார். மாஸ்டர் பத்தடி தள்ளிச் சுவரோரமாக நின்றார். ஜன்னல் திறந்திருந்தது. அவள் பெல்ட்டைப் போட்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். கையைத் திடீர்னு தூக்காதீங்க. சின்ன வயசுல வீட்டுல அடி வாங்கின உடம்பு, தானா குனிஞ்சுடும். மத்தபடி வண்டி நல்லா ஓட்டுவேன்."

கண் பார்வைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சொல்வாளே ஒருத்தி, அப்படித்தான் சொன்னாள். அதிகாரி அவளை ஒரு கணம் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையில் சொருகினார், இரண்டு கைகளையும் கோப்பின்மேல் வைத்துக்கொண்டார். "சரிம்மா. எங்க திரும்பணும்னு வாயாலயே சொல்றேன். கிளம்பு."

வண்டி கேட்டைத் தாண்டிப் போனது. மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் காத்திருந்தவர்கள், இவர் பெண்தான் பரீட்சைக்குப் போயிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து அதிகாரி இறங்கி, மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த காருக்குப் போனார். அவள் எஞ்சினை அணைக்கவே இல்லை.

"இல்லத்துல அஞ்சு மணிக்கு மேல பார்க்க விட மாட்டாங்க மாஸ்டர். ஏறுங்க, பாஸாயிட்டேன்னு நான்தான் அவகிட்ட முதல்ல சொல்லணும்."

மாஸ்டர் அவசர அவசரமாக ஓடிப் பின்கதவைத் திறந்தார்.

"பின்னாடி எதுக்குப் போறீங்க?" என்றாள் அவள். "முன்னாடி உட்காருங்க. அவ வெளியில வந்துட்டா அது அவ ஸீட்டு, அப்புறம் கேட்டாலும் கிடைக்காது."