வகுப்பறையில் நழுவிய சாட்சி

முதலில் மனித உரிமை வக்கீல், பிறகு பத்திரிகையாளர், இப்போது கல்லூரிப் பேராசிரியை. "வேலை மாத்துறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்லடி" என்று அக்கா கிண்டல் செய்வாள். அக்காவுக்கு என்ன தெரியும்? எந்த வேலைக்குப் போனாலும் பழைய பயம் கூடவே வந்தது.

காவல் நிலையத்தில் ஓர் இளைஞன் அடிபட்டுச் செத்த வழக்கு அது. கண்ணால் பார்த்தவர் ஒரே ஒரு தையல்காரர். கோர்ட்டுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். வக்கீலாக இருந்த இவர் வற்புறுத்தவில்லை. வழக்கு தோற்றது. கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பத்திரிகையில் சேர்ந்து, சாட்சியின் பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றி நடந்ததை எழுதினார். அடித்த இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வுதான் கிடைத்தது. அந்தச் சாட்சி யார் என்று அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் இவர் முதலில் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் வகுப்பில் கோட்டைவிட்டார். சாட்சியை மறைத்து எழுதுவது எப்படி என்பது அன்றைய பாடம். பாடம் நடத்தும் ருசியில் வாய் நீண்டுவிட்டது.

"பேரை மட்டும் மாத்தினா போதாது. என் சாட்சி ஸ்டேஷனுக்கு யூனிஃபார்ம் தைச்சுக் கொண்டுபோனப்பதான் பார்த்தார். அவரை நான் பால்காரரா மாத்திட்டேன்."

கடைசி பெஞ்சில் இருந்த போலீஸ்காரர் மகள் சிரித்தாள்.

"எங்கப்பா ஸ்டேஷன்ல எல்லாருக்கும் ஒரே டெய்லர்தான் மேடம். அப்பாகிட்ட சொன்னா ரசிப்பார்."

அவள் அப்பாவுக்கு அதே ஸ்டேஷன்தான் என்பது அப்போதுதான் இவருக்கு உறைத்தது. சொல்லாதே என்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறினார்.

தையல்காரர் கடையில் உட்கார்ந்து பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் காக்கிச் சட்டைகள் தொங்கின. வகுப்பில் நடந்ததை இவர் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"மன்னிச்சிடுங்கண்ணே. இன்னிக்கே எங்கேயாவது போயிடுங்க."

தையல்காரர் ஊசியைத் துணியில் குத்திவைத்தார்.

"ஓடினா, நான்தான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்மா. இத்தனை நாளா வெளிய தெரிஞ்சிடுமோன்னு பயந்தேன். இப்ப, யாருக்கும் தெரியாம என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு. கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி, கோர்ட்டுல சொல்லிடறேன். நீங்க வக்கீலா நிக்கறீங்களா?"

கல்லூரி வேலை போகும். இன்ஸ்பெக்டரின் ஆட்கள் இனி இவர் வீட்டு வாசலுக்கும் வருவார்கள். வேறு வக்கீலைக் கைகாட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தையல்காரர் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கறேண்ணே" என்றார். சாட்சியிடம் பேசும்போது கதவை அடைப்பது இவர் வழக்கம். எழுந்துபோய் கடை ஷட்டரில் கை வைத்தார்.

"திறந்தே இருக்கட்டும்மா" என்றார் தையல்காரர். "நீங்க இங்க வந்ததை நாலு பேர் பார்க்கட்டும்."