இரண்டாம் பாகம் எப்படி, சாம்சன்?

சாம்சனைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. உண்மை பேசியே கெட்டுப் போனவன் அவன். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னான். அதையாவது உருப்படியான விஷயத்துக்குச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்குத் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து பிரஸ் மிஷினில் நின்றோம். இரண்டு பேரும் கான்ட்ராக்ட். அவனுக்கு எளாவூர்ப் பக்கம். அப்பா ஆசீர்வாதம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். மகன் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே காலையில் டீக்கடைக்கு வருவார்.

மகனுக்கோ வேலை சோற்றுக்கு, வீடியோ கேம்தான் உயிர். அதிலும் ஒரு ஆட்டம். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கியவன் பாறை ஏறி, வாள் சண்டை போட்டு, தப்பிக்க வழி தேடும் கதை. அதன் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாமல் நாங்கள் அதைத் 'தீவு' என்றே சொல்வோம். சாம்சன் அதைப் பதினோரு தடவை முடித்தான். அதைப் பற்றிப் பேசவே யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினான். பிடித்த ஆட்டம் என்பதற்காகக் குறையை மூடி மறைக்க மாட்டான். "மூணாவது குகையில கேமரா சொதப்பும், வாங்கிட்டு என்னைத் திட்டாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வான். நாலாயிரம் பேர் அவன் வார்த்தையை நம்பித்தான் ஆட்டம் வாங்கினார்கள். இரண்டாம் பாகம் வருகிறது என்றதும், "வரட்டும், முதல் பாகத்தோட பக்கத்துல வெச்சி அலசிடறேன்" என்று அறிவித்துவிட்டான்.

அந்த ஜனவரியில்தான் கை போனது.

எங்கள் மிஷினில் இரண்டு பச்சைப் பித்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் அப்படி அழுத்திக்கொண்டிருந்தால் ஷிப்டுக்கு இத்தனை தகடு என்ற கணக்கு தேறாது. அதனால் ஒரு பித்தானில் ஐஸ் குச்சியைச் செருகி டேப் ஒட்டிவிடுவோம். ஒரு கை அழுத்தும், மறு கை தகடு வைக்கும். பாதுகாப்பு ஆடிட் வரும் நாளில் சூப்பர்வைசரே வந்து டேப்பைப் பிரிக்கச் சொல்வார். எல்லோரும் செய்தோம். அச்சு இறங்கியது சாம்சன் கைமேல். வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயின.

விசாரணையில், "டேப் ஒட்டினது யாரு?" என்று கேட்டார்கள். "தெரியாது சார்" என்று சொல்லும்படி முந்தின நாளே தலையால் அடித்துக்கொண்டேன். "நான்தான் சார்" என்றான் மடையன். அதோடு வேலை முடிந்தது.

அதற்கப்புறம் அவனுக்கு மிச்சம் இருந்தது அந்தச் சேனல் ஒன்றுதான். "கை போனா இன்னாண்ணா, வாய் கீதுல்ல" என்பான். அவன் மனைவி ஜெனிபர் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய், மூன்று மாதம் சேர்த்து வைத்து இரண்டாம் பாகத்தை வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஷிப்டு முடிந்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. "பார்த்திண்ணா, தண்ணியப் பாரு! முதல் பார்ட்டுல கடல் பெயிண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சி. இதுல ஈரம் தெரியுது. சண்டை, கதை, எல்லாமே பத்து மடங்கு மேலண்ணா!" என்றான். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாறை வந்தது. முதல் பாகத்தில் பாறையைப் பிடிக்க ஒரு பித்தானைத் தட்டினால் போதும். இதில் கன்ட்ரோலரின் பின்பக்கம் உள்ள இரண்டு விசைகளையும் இரண்டு ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை விட்டால் ஆள் விழுந்துவிடுவான். நிஜமாகவே தொங்குவது போல் இருக்கிறது என்று உலகமே புகழ்ந்தது இதைத்தான். சாம்சன் சுண்டு விரலை நீட்டி வலது விசையை அழுத்திப் பார்த்தான். ஆள் விழுந்தான். செட்டிங்கை மாற்றிப் பார்த்தான். விழுந்தான். வலது விசையை ரப்பர் பேண்டால் கட்டினான். அப்போது ஆள் விழவில்லை, ஆனால் அடுத்த பாறைக்குத் தாவாமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வலது விசையைப் பிடிக்கச் சொன்னான். அவன் விடும்போது நான் பிடித்தேன், பிடிக்கும்போது விட்டேன். முதல் நாலைந்து தடவை சிரித்தோம். அப்புறம் அவன் டிவியை அணைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ வந்தது. "ரெண்டாவது பார்ட் சுத்த வேஸ்ட்டு. உயிரே இல்ல. காசைக் கரியாக்காதீங்க, முதல் பார்ட்டே போதும்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். கீழே நூற்றுக்கணக்கில் நன்றி, நன்றி என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்டா, என்னாண்ட இன்னா சொன்ன? பத்து மடங்கு மேலன்னியேடா! கம்பெனிக்காரன் கேட்டப்போ வராத பொய்யி இப்ப மட்டும் எங்கேர்ந்துடா வந்துச்சி?"

அரிசி களைந்துகொண்டிருந்த ஜெனிபர் கையை எடுக்காமல் எங்களையே பார்த்தாள்.

"கத்தாதண்ணா. அது நல்லா கீதுன்னு சொன்னா, சொல்லச் சொல்ல ஆடணும்னு தோணுது" என்றான். "நல்லா இல்லன்னு நாலாயிரம் பேரும் சொல்லிக்கினே இருந்தா, எனக்கும் அப்பிடித் தோணிடாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோணிடும்டா என்று நானும் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன்.