இடம் போதவில்லை

என் சித்தப்பாவுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதற்கு எங்கள் உறவில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஜாதகம் என்பார்கள், நிரந்தர வேலை இல்லை என்பார்கள். இருப்பதிலேயே கவுரவமான காரணம் அவருக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் என்பது. அது உண்மையும்கூட.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் அவர் ஓர் அறை எடுத்திருந்தார். யூரியா வாடையும் சூடேறிய கம்ப்யூட்டரின் வாடையும் கலந்து அங்கே ஒரு காற்று அடிக்கும். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்திருப்பார், உள்ளே தூசி தட்ட வசதியாக இருக்குமாம். திரையின் மூலையில் ஒரு பென்குவின் இருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அந்தப் பென்குவினைப் பார்ப்பதற்கென்றே நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன்.

சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர், வெள்ளிமலைக்காரர், பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர். நான் அவரை மலை மாமா என்பேன். மலையில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு மலைப்பாதை பஸ்ஸில் வாந்தி வரும். சட்டைப்பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். அதை மோந்துகொண்டே படியேறி வருவார். "வந்துட்டாருடா மலையரசன்" என்று சித்தப்பா கிண்டல் செய்வார்.

இரண்டு பேரும் செய்துகொண்டிருந்தது மொழிபெயர்ப்பு. அவர்கள் வைத்திருந்தது, அந்தப் பென்குவினைச் சின்னமாகக் கொண்ட கட்டற்ற மென்பொருள். யாரோ எழுதியதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதில் ஆங்கிலத்தில் வரும் சொற்களையெல்லாம் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள், சம்பளம் என்று ஒரு பைசா இல்லாமல். "கட்டு இல்லாததா? அப்ப அவுந்து வுயுந்துடாதா?" என்று அம்மா கேட்டாள். வீட்டுக்கு வீடு இலவச டிவி கொடுக்கப்போவதாக ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம் அது. இதுவும் அந்த மாதிரி இலவசமா என்று கேட்டவர்களிடம் சித்தப்பா எரிந்து விழுவார். இது இலவசம் இல்லை, சுதந்திரம் என்பார். கேட்டவர்கள் அதற்கப்புறம் அவரிடம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அவர்களுக்கு ஒரு மந்திரம் இருந்தது. யார் தப்புச் செய்தாலும், "வுடு, மாத்திக்கலாம், யார் வேணா மாத்தலாம்" என்பார்கள். நான் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும் அதையே சொல்வார்கள். உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று நான் நம்பியிருந்தேன்.

ஒருநாள் ஒரே ஒரு வரிக்கு இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டால் திரையில் ஒரு பெட்டி எழும்பி, இடம் எடுக்க முடியவில்லை, வேண்டாததை அழித்துவிடு என்று சொல்லும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "இடம் பத்தலன்னு எழுதிட்டுப் போப்பா. எங்கம்மாவுக்குக்கூட புரியும்" என்றார் மலை மாமா. சித்தப்பாவுக்கு அது கம்மியாகப் பட்டது. கலைச்சொல் என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா? நெற்றியைத் தேய்த்து யோசித்து, அவர் கையாலேயே தட்டினார்: "இட ஒதுக்கீடு தோல்வி. வேண்டாதவற்றை நீக்கவும்." தட்டி முடித்துவிட்டு என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்கு 'ஒதுக்கீடு' வாயில் நுழையவில்லை, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு அதே சொல்தான் எழுதியிருந்தது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் சூடு பிடித்திருந்த காலம். சுவரில், தட்டியில், ஆட்டோ ஒலிபெருக்கியில் எங்கே திரும்பினாலும் அந்தச் சொல். அந்த இரண்டு பேர் காதில் மட்டும் அது விழவே இல்லை. அவர்களுக்கு இடம் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இடம்.

பெரியப்பாவின் காதில் வேறு எதுவுமே விழாது. அப்பாவின் அண்ணன் அவர், எங்கள் ஆட்களின் சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். முந்தின போராட்டத்தில் தடியடி பட்டு ஒரு முழங்கால் மடங்காமலே போய்விட்டது. பஸ்ஸில்கூடக் காலை நீட்டிக்கொண்டுதான் உட்காருவார். அவர் சித்தப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தலைவர் வருகிற கூட்டத்தன்று சங்கக் கட்டடத்தில் உரக்கடை மாடிக் கம்ப்யூட்டரை வைத்து, ஒதுக்கீடு கேட்கும் மனுவை அடித்துக் கொடுத்தால், மாடி ஹால் சித்தப்பாவுக்கு. பிள்ளைகளை வைத்துக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கலாம். சித்தப்பாவும் மலை மாமாவும் வருஷக் கணக்காகப் பேசிக்கொண்டிருந்த கனவு அது. ஊர்ப் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள், வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள், எல்லாரும் ஒரே பெஞ்சில். எலுமிச்சம்பழம் மூட்டையாக வாங்கி வைக்க வேண்டும் என்று மலை மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தன்று காலையில் சங்கக் கட்டடம் முழுக்கத் தலைகள். கம்ப்யூட்டர் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். நான் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டச்சு வேகம் மலை மாமாவுக்குத்தான் ஜாஸ்தி, அதனால் அவர் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் கேமராவைக் கொண்டுவந்து ஊர்வலப் படங்களையெல்லாம் உள்ளே ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள். தலைவர் வாசலில் இறங்குகிறார், வேட்டு வெடிக்கிறது, மனுவை அச்சடிக்க மலை மாமா பொத்தானைத் தட்டுகிறார். பெட்டி எழும்பியது.

முன்னால் நின்ற ஒருவன் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தான். இட ஒதுக்கீடு தோல்வி. வேண்டாதவற்றை நீக்கவும்.

ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், வேட்டுச் சத்தமே அதில் அமுங்கிப்போனது.

"இன்னாடா எய்தி வெச்சிகினு கீறீங்க?"

"யார்ரா இவன்? எந்த ஊரு?"

"மலைக்காரன்பா. அவங்களுக்குத்தான் பழங்குடின்னு முன்னயே ஒதுக்கீடு கெடச்சிடுச்சே, நமக்குக் கெடைக்கக்கூடாதுன்னு எய்திட்டான்!"

யாரோ மலை மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள். பெரியப்பா காலை இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். திரையைப் பார்த்தார். கோபமாக இல்லை, அழப்போகிறவர் மாதிரி இருந்தார். யார் எழுதியது என்று கேட்டார்.

"நான் எய்தலங்க" என்றார் மலை மாமா. சொல்லிவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தார்.

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். சித்தப்பா மவுஸ் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் விழுந்திருந்த சிக்கலை எடுக்க ஆரம்பித்தார். இது என்ன நேரத்தில் என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. பளார் என்று ஓர் அறை விழுந்தது, மலை மாமாவின் கண்ணாடி மேசைக்கடியில் என் காலருகே வந்து விழுந்தது. பெரியப்பாதான் தடுத்தார். "வுடுங்கடா, மலையில இருக்கற புள்ள, தெரியாம எய்திட்டான்" என்று அவருக்கு மன்னிப்பும் கொடுத்தார். கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

மத்தியானம் வெள்ளிமலை பஸ் நின்ற இடம்வரை சித்தப்பாவும் நானும் கூடவே போனோம். மலை மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். அன்றைக்கு எலுமிச்சம்பழத்தைக்கூட எடுக்கவில்லை. எனக்கோ அவரைச் சமாதானப்படுத்தியாக வேண்டும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்று, "தப்பா இருந்தா மாத்திக்கலாம் மாமா, யார் வேணா மாத்தலாம்" என்றேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். "இத எய்தினவருதான் பாப்பா மாத்தணும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பஸ் கிளம்பிவிட்டது. பாவம், அடி வாங்கியதில் மந்திரத்தையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஹால் கிடைத்தது. பெரியப்பா சொன்ன சொல் தவறாதவர். சாவி ரொம்ப நாள் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. சித்தப்பா அதைத் தொடவில்லை. அப்புறம் சங்கத்தார் வாங்கிக்கொண்டுபோய் அங்கே நாற்காலிகளை அடுக்கினார்கள்.

ஆனால் அன்று சாயங்காலமே உரக்கடை மாடியில் சித்தப்பா கம்ப்யூட்டரை மறுபடி மாட்டி, அந்த வரியைத் தேடிப் பிடித்து அழித்தார். "இடம் போதவில்லை" என்று தட்டினார். என்னை வாசிக்கச் சொல்லவில்லை. நானாகவே வாசித்தேன், ஓர் எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. எழுதினவரே மாற்றிவிட்டார், எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போய், மாடிப்படியில் உட்கார்ந்து மலை மாமாவுக்காகக் காத்திருந்தேன்.