பேட்டரி தண்ணி குடித்த பெரணி

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் செகந்திராபாத் பக்கத்து மல்லாபூரில் ஓடுகிற லாரிகளில் என் கைபடாத பேட்டரி இருக்காது. தகரக் கொட்டகையில் தொடங்கிய கடை இன்று மூன்று ஷட்டர். குஷாய்குடாவில் சொந்த வீடு, தெருவே வற்றினாலும் வற்றாத போர் கிணறு. எதையும் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை. அப்படிக் கேட்காமல் செய்து நான் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு செடியிடம்தான்.

மருமகள் குன்னூர்ப் பெண். கல்யாணமாகி வரும்போது அம்மா வீட்டு மதிலோரம் இருந்த மலைப்பெரணியைப் பெயர்த்து, மடியில் வைத்தே கொண்டுவந்தாள். தலைமுடி மாதிரி கருப்புத் தண்டு, கொத்தமல்லி மாதிரி பொடி இலை. இந்த ஊர் வெயிலிலும் இரண்டு வருஷம் அதை வாடாமல் வைத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்ல வாயெடுத்தாள். கடையையே வளர்த்தவனுக்குத் தொட்டிச் செடி ஒரு வேலையா என்று நான் பேசவிடவில்லை.

"அங்கேருந்து நான் கொண்டாந்தது அது ஒண்ணுதான், மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் வேலையாக, பால்கனியில் ஏசி குழாய்க்கு அடியில் அவள் வைத்திருந்த வாளித் தண்ணீரைக் கொசு வருமென்று கொட்டி, வாளியையும் எடுத்து வைத்தேன். பிறகு காலையும் மாலையும் செடிக்கு என் போர் தண்ணீர். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். ஒரு மாதத்தில் தேய்ந்த துடைப்பம் மாதிரி நின்றது. நர்சரியில் இதே மாதிரி ஒன்று வாங்கி, அந்தத் தொட்டியிலேயே நட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அதைச் சொன்னதும் தடுத்தவள் என் மனைவி. செகந்திராபாத்திலேயே பிறந்தவள், வாயும் அந்த ஊர் வாய். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைச் சுரண்டி என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"உங்க பேட்டரிக்கு இந்தப் போர் தண்ணிய ஊத்துவீங்களா?"

"ஊத்துனா பிளேட்டு போயிடுமே."

"பேட்டரி மேல இருக்கிற அக்கறை அந்தப் பொண்ணோட செடி மேல இல்லையா? புதுச் செடியெல்லாம் நக்கோ, வேணவே வேணாம். இதையே பொழைக்க வைங்க."

முப்பது வருஷமாக லாரிக்காரர்களுக்கு நான் சொல்லிவந்த பாடம் அது. அன்றே கடையிலிருந்து ஒரு கேன் பேட்டரி தண்ணி கொண்டுவந்தேன். ஆசிட் இல்லை, காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர். மண்ணிலிருந்த உப்பு கழுவிப் போகிறவரை ஊற்றினேன். கருகியதையெல்லாம் அடியோடு கத்தரித்தேன். மூன்று வாரம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டேன். ஒரு நாள் காலையில், சிவப்பு நூல் மாதிரி ஒரு சுருள் எட்டிப் பார்த்தது. குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் மனசுக்குள் நன்றி சொல்கிறேன். வெளியே சொன்னால் தலையில் ஏறி உட்காருவாள்.

மருமகள் பேத்தியோடு வந்தபோது செடியில் ஏழே தண்டு. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்து, வாளி எங்கே என்று கேட்டாள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே இருக்காதாம். இரண்டு வருஷமும் அதைத்தான் ஊற்றியிருக்கிறாள். அன்று சொல்ல வந்ததும் அதைத்தான்.

கோபித்திருக்கலாம். அவளோ பேத்தியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"இவளை எப்படிப் பிடிக்கணும்னு சொல்றேன். இந்த வாட்டி கேப்பீங்கல்ல, மாமா?"

கேட்டேன், ஒரு வார்த்தை விடாமல்.