துரைக்குக் கிடைத்த கல்

என் அப்பாவை ஒருநாள் வெள்ளைக்காரத் துரையாக்கப் பார்த்தார்கள். அதற்கு வேண்டிய சிமெண்டை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனவன் நான்தான்.

கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் வாடகை ஜீப் ஓட்டுகிறேன். படிப்பு அஞ்சாவதோடு சரி. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் வார்த்தை தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்காகவேதான் டவுன்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். வரலாற்று ஆராய்ச்சியாளர் என்று அவரே அட்டை அடித்து வைத்துக்கொண்டவர். அவரைத் தேடி வயதான ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். கும்பினி காலத்தில் எங்கள் மலையில் குடியேறி, காப்பித் தோட்டம் போட்டு, இங்கேயே செத்துப்போன ஒரு துரையின் வாரிசாம் அந்தக் கிழவர். வம்ச மரம் முழுக்க வரைந்தாகிவிட்டது. துரையைப் புதைத்த இடம் மட்டும் தெரியவில்லை. டவுன்காரர் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

அந்த மரம் வரைந்த தாளை ஜீப் பானட்டின்மேல் விரித்தார்கள். ஒரு சேலை நீளம். பறக்காமலிருக்க என் ஸ்பானரைத் தூக்கி வைத்தேன். துரையின் நாய்க்குக்கூட அதில் ஒரு கட்டம் இருந்தது. ஓரத்தில் துரை பல்லக்கில் மலையேறும் படம். தூக்கியவர்கள் தோள்வரைக்கும்தான் இருந்தார்கள், தலை வரையவில்லை. அந்தத் தோள்கள் எங்கள் ஆட்களுடையவை. அடியில் பென்சிலால் புதிதாக ஒரு கிளை இழுத்திருந்தது. டவுன்காரர் அதன்மேல் விரல் வைத்தார்.

"இது நாந்தாம்பா. தொரைக்கு இங்க ஒரு சம்சாரம் இருந்துக்கீறா. எங்க தாத்தாவோட தாத்தா அவ பெத்த புள்ள."

போன வருசம்வரை தன் முன்னோர் பாளையக்காரரிடம் தளபதியாக இருந்தார்கள் என்று சொல்லித் திரிந்தவர். பிறந்தபின்னும் வயிறு மாறிக்கொள்ளலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மேலே போனதும் வலப்பக்கம் திரும்பச் சொன்னார். அது எங்கள் கொல்லைக்குப் போகிற வழி. வழி தப்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் இறங்கி, சாமைப் பயிருக்கு நடுவே நேராக நடந்து, என் அப்பாவின் தலைமாட்டுக் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். கைகூப்பினார். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

எங்கள் மலை ஆட்களில் செத்தவர்களைச் சொந்தக் கொல்லையில்தான் புதைப்போம். தலைமாட்டில் ஒரு கல் நடுவோம். பேர் எழுத மாட்டோம். யார் கல் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவதில்லை. பேர் இல்லாதது டவுன்காரருக்கு வசதியாகப் போயிற்று. இங்கிலீஷ் எழுத்து வெட்டிய பளபளப்பான கறுப்புக் கல் பலகையை ஜீப்பிலிருந்து இறக்கச் சொன்னார். அப்பாவின் கல்லில் அதை ஒட்டப்போகிறார்கள். ஒட்டிவிட்டால் அப்பா போய்விடுவார்.

"சார், இது எங்கப்பா கல்லுங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தெரியும்பா. பேரு இல்லாத கல்லுதான. ஒங்கப்பனுக்கு ஒரு மரியாதின்னு நெனச்சுக்கோ. சிமெண்ட்ட குழை."

பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து வந்தாள். "இன்னா சார், எங்க மாமனாரக் கும்புட்டுக்கினு நிக்கிறீங்க. கடன் கிடன் வாங்கினீங்களா?"

"இது தொரை சமாதிம்மா. நாங்க அவரு வம்சம்."

அந்த வார்த்தையில்தான் எனக்கு வழக்கம் ஞாபகம் வந்தது. மண் போடும்போது வராத பங்காளி எத்தனை வருசம் கழித்து வந்தாலும், கல்லைத் தொடும் முன் அங்கேயே மொட்டை போட வேண்டும். கேரளாவுக்குக் கூலிக்குப் போயிருந்த என் தம்பிகூட அப்படித்தான் போட்டான். அதைச் சொல்வதைவிடச் செய்வது எனக்குச் சுலபம். வீட்டுக்குப் போய் சவரக்கத்தியும் குடத்தில் தண்ணியும் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. "வம்சம்னா குந்துங்க சார். முடிய எறக்கிட்டுக் கல்லத் தொடுங்க. எங்க வூட்டுக்காரரு காயம்படாம வழிப்பாரு."

டவுன்காரர் கை தானாகத் தலைக்குப் போனது. மை பூசி, வகிடு எடுத்து, வழுக்கையை மூடுகிற மாதிரி பக்கவாட்டில் வளர்த்துச் சீவிய முடி. "எங்கப்பா உசுரோட கீறாரு. நான் எப்படிம்மா மொட்ட போடறது?"

"தொரையும் ஒங்க பாட்டன்தான சார். அவருக்குச் செய்யாம வேற யாரு செய்வா?"

வெள்ளைக்காரர் டவுன்காரரிடம் என்னவோ கேட்டார். என் மனைவி தன் தலைமேல் கத்தி ஓட்டுகிற மாதிரி கையால் காட்டினாள். கிழவர் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றித் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு, மண்ணில் சம்மணம் போட முடியாமல் போட்டு உட்கார்ந்து, என் முன்னால் தலையைக் குனிந்தார்.

நான் இதை யோசிக்கவே இல்லை. அந்தத் தலையை வழித்துவிட்டால் அவர் எங்கள் பங்காளி. கல்லை அவர் தொடலாம், நான் தடுக்க முடியாது. கத்தியைக் கொண்டுவந்தவனும் நான்தான். கிழவர் பக்கத்து இடத்தைத் தட்டி டவுன்காரரையும் உட்காரச் சொன்னார். மரத்தில் அவரும் இருக்கிறாரே.

டவுன்காரர் கல்லைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், கையால் சாண் போட்டுப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் வேகவேகமாகப் பேசி கிழவரைக் கைபிடித்துத் தூக்கினார். என்னிடம் திரும்பி, "அளவு ஒத்துவர்லப்பா. இது வேற கல்லு. வண்டிய எடு" என்றார்.

"அதத்தான சார் எங்க வூட்டுக்காரரு மொதல்லியே சொன்னாரு" என்றாள் என் மனைவி.

என் அப்பா உயிரோடு இருந்தபோது யாரும் அவருக்காக ஒரு மயிரைக்கூடக் கொடுத்ததில்லை. செத்தபின் அவரைக் காப்பாற்றியது அந்த டவுன்காரரின் மை பூசிய நாலு முடி.

இறங்கும் வழியில், கொண்டை ஊசி வளைவில் இருக்கிற ஒரு பாறையைக் காட்டி அதுதான் சமாதி என்றார் டவுன்காரர். ரோடு போட்டபோது வெடி வைத்தும் உடையாமல் விட்டுப்போன பாறை அது. அதில் பலகையை ஒட்டினோம். சிமெண்டைக் குழைத்தது நான். வெள்ளைக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். டவுன்காரர் அந்தப் பாறையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் கத்தியைக் கொல்லையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

இப்போதும் அந்த வளைவில் வண்டி மெதுவாகும்போது, புதிதாக ஏறினவர்கள் பளபளப்பைப் பார்த்துவிட்டு யாரைப் புதைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள்.

"யாரும் இல்லீங்க" என்பேன். அதைச் சொல்ல மட்டும் எனக்குக் கூச்சமே வருவதில்லை.