சில்லுவின் கை

பால் டெப்போவில் அவளுக்குச் சில்லு என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பதினேழு வருடங்களாகக் குளிர் அறையில் நின்று பால் பாக்கெட்டுகளைத் தட்டுகளில் அடுக்குகிற வேலை. ரப்பர் உறை கொடுப்பார்கள். உறை போட்டால் பாக்கெட் வழுக்குகிறது என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையால்தான் அடுக்குவாள். அந்தக் கை கொளுத்துகிற வெயில் காலத்தில்கூடச் சில்லென்று இருக்கும். யாருக்காவது உடம்பு சுட்டால், "சில்லு, கொஞ்சம் நெத்தியில கை வையேன்" என்று வருவார்கள். அவளும் வைப்பாள். வைத்துக்கொண்டே, "நெஜமாவே காய்ச்சலா, இல்ல லீவு வேணுமா?" என்று விசாரிப்பாள்.

வாய் அப்படி. கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ஏன் என்று அவளிடம் ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். அன்று அவள் அண்ணி வீட்டுக்குப் போகிற நாள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. முன்பாதியில் இஸ்திரி மேசை, பின்பாதியில் கட்டில், அடுப்பு, அண்ணியின் பெண். பெண்ணுக்குப் பதினோரு வயது. பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பிறந்தபோது மூச்சு நின்று வந்த பிள்ளை. நடக்க மாட்டாள், பேச மாட்டாள். கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும்.

பாப்பாவுக்கு இரண்டு வயதானபோது, இனி இவளுக்குக் கழுத்து நிற்காது என்று மருத்துவர் சொன்ன அதே வாரத்தில், சில்லுவின் அண்ணன் வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போனவன் போனவன்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவன் எங்கோ நிம்மதியாக இருந்தான். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் வந்து நின்றவள் தங்கைக்காரி. அண்ணி ஒரு நாளும் அவள் அண்ணனைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடச் சில்லுவுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அண்ணிக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. "என் கையால மட்டும்தான் சாப்பிடுவா." துணி கொண்டுவருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லுவாள். சட்டையின் கழுத்துப்பட்டையைத் தேய்த்துக்கொண்டே சொல்லுவாள். அது பொய்யும் இல்லை. வேறு யார் கரண்டியை நீட்டினாலும் பாப்பா உதட்டைப் பூட்டிக்கொள்வாள்.

சனிக்கிழமைகளில் அண்ணி பெற்றோர் வகுப்புக்குப் போவாள். ஊனமுள்ள பிள்ளைகளை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது என்று வீட்டாருக்குச் சொல்லித் தருகிற இடம். அங்கே வருடா வருடம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பெயர். இரண்டாவது கட்டத்தில், அவர் இல்லாதபோது பார்த்துக்கொள்ளப் பழகிய இன்னொருவர் பெயர். அண்ணி ஒன்பது வருடமும் இரண்டு கட்டத்திலும் தன் பெயரையே எழுதினாள்.

"இது என்னம்மா?" என்று டீச்சர் கேட்டால், "தன் கையே தனக்கு உதவி டீச்சர்" என்பாள். வகுப்பே சிரிக்கும். டீச்சரும் சிரித்துவிட்டு, "அடுத்த வருஷமாவது ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்பார்.

அண்ணியின் மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆரம்பத்திலேயே மருத்துவமனையில் சொன்னார்கள், மூன்று நாள் தங்கிச் சோதனை செய்ய வேண்டும் என்று. மூன்று நாள் பாப்பாவுக்கு யார் ஊட்டுவது? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கவே சிரமப்படுகிற அளவுக்குத் தோள் வீங்கிய பிறகுதான் சில்லுவுக்கே தெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இனி வலிக்கு மட்டும் மருந்து தரலாம் என்றார் மருத்துவர்.

"எவ்வளவு நாள்?" என்று சில்லு கேட்டாள்.

"நாலு மாசம். அஞ்சு இருக்கலாம்."

அதற்குள் பாப்பா வேறொரு கையால் சாப்பிடப் பழக வேண்டும். இல்லையென்றால் வெளியூரில் ஒரு விடுதி இருக்கிறது, வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுப்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, எத்தனையோ பிள்ளைகள் அப்படி நன்றாக இருக்கிறார்கள் என்றார் டீச்சர். இருக்கலாம். ஆனால் பாப்பாவுக்குக் கண் இல்லை, பேச்சு இல்லை, ஓட்டம் இல்லை. வாழைப்பழம் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டுகிற நாக்கு ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

"நான் பழகிக்கிறேன் அண்ணி" என்றாள் சில்லு.

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் அண்ணனும் எல்லாத்துக்கும் இப்படித்தான் டக்குன்னு தலையாட்டுவான்" என்றாள். ஒன்பது வருடத்தில் அவனைப் பற்றி அவள் சொன்ன முதல் சொல் அது. சில்லுவுக்குச் சுருக்கென்றது. கூடவே, அப்பாடா, சொல்லிவிட்டாள் என்றும் இருந்தது.

சனிக்கிழமை வகுப்பில் சில்லு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். டீச்சர் எல்லோரையும் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடியே எச்சில் விழுங்கச் சொன்னார். சில்லுவுக்குத் தொண்டையில் அடைத்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "படுக்க வச்சு ஊட்டினா பிள்ளைக்கு இப்படித்தாம்மா இருக்கும். இருமக்கூடத் தெரியாத பிள்ளைன்னா அது நெஞ்சுக்குள்ள போயிடும்" என்றார் டீச்சர். அவள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். முழங்கால் மடங்க உட்கார வைக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். தாடை கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். கரண்டி கீழேயிருந்து வர வேண்டும். ஒரு வாய் விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். அவசரம் கூடவே கூடாது. தட்டு தட்டாக அடுக்கித் தள்ளியே பழகிய கைக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பாப்பா வாயைத் திறக்கவில்லை.

குழைய மசித்த சோறு கரண்டியில் ஆறிப்போகும். சில்லு கொஞ்சுவாள், கெஞ்சுவாள், தெரிந்த பாட்டெல்லாம் பாடுவாள். அந்தப் பாட்டைக் கேட்டால் யாருமே வாயை மூடிக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். அரை மணி நேரம் கழித்து அண்ணி வந்து உட்காருவாள். பாப்பா உடனே ஆவென்று திறப்பாள். ஆனால் அதற்குள் களைத்துப்போய், நாலு வாயோடு நிறுத்திக்கொள்வாள். இப்படி ஐந்து வாரம் போயிற்று. அண்ணி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தாள். அவளோடு போட்டி போட்டுக்கொண்டு பாப்பாவும் இளைத்தாள்.

ஒரு ஞாயிறு, பாப்பா கரண்டியைத் தட்டிவிட்டபோது, சில்லு தற்செயலாக அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

"உங்களுக்குப் பெருமையா இருக்குல்ல அண்ணி?" சில்லுவின் வாய் ஒன்பது வருடம் கழித்து அந்த அறையில் திறந்தது. "நான் தோக்கத் தோக்க உங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கு. நீங்க போனப்புறம் இவ பட்டினி கிடந்தாலும் பரவால்ல, அடுத்தவ கையால சாப்பிடக் கூடாது. அப்படித்தானே?"

அண்ணி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமா" என்றாள். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாண்டி. புருஷன் நிக்கல. பிள்ளை அம்மான்னு கூப்பிடல. ஊர்ல ஒருத்தர் என்னைத் தேடி வந்தது துணிக்குத்தான். இது ஒண்ணு மட்டும் என்னைத்தான் வேணும்னுச்சு. அதையும் உனக்கு எப்படிடி கொடுக்கறது, சொல்லு."

சில்லு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் அழுதார்கள். நடுவில் சோற்றுக் கிண்ணம் இருந்தது.

மறுநாள் அண்ணியே டீச்சருக்குப் போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னாள். புதன்கிழமை அவர் வந்தபோது சில்லுவும் டெப்போவிலிருந்து நேராக வந்திருந்தாள். அண்ணி ஊட்டுவதை டீச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தார்.

"கரண்டிக்கு முன்னாடி கன்னத்துல கை வைக்கிறீங்களே, அது ஏன்?"

"எந்தக் கை?" என்றாள் அண்ணி. அவளுக்கே தெரியவில்லை. பதினோரு வருடமாக இடது உள்ளங்கையைப் பாப்பாவின் தாடையில் பொத்தி வைத்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்திருக்கிறாள். தெரியாததை எப்படிச் சில்லுவுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள்?

டீச்சர் எழுந்து வந்து அண்ணியின் உள்ளங்கையைத் தொட்டார். மேசையில் சூட்டோடு சூடாக மடித்து நீவிவிட்டு வந்த கை, வெதுவெதுவென்று இருந்தது. பிறகு சில்லுவின் கையைத் தொட்டார். "ஏம்மா, ஐஸ் பெட்டிக்குள்ள கையை விட்டாப்ல இருக்கு" என்றார்.

சில்லு இஸ்திரி மேசைக்குப் போனாள். அண்ணியின் பழைய பருத்திச் சேலை ஒன்று விரிப்பாகக் கிடந்தது. அதைத் தேய்த்து, அந்தச் சூட்டில் இடது கையை அழுத்தி, நூறு எண்ணினாள். வந்து பாப்பாவின் தாடையில் பொத்தினாள். பாப்பா முகத்தை அந்தக் கைக்குள் புதைத்தாள். வாய் திறந்தது.

சில்லு அண்ணியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் பெட்டி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஊட்டி முடித்துத் திரும்பியபோது, அண்ணி ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை கரண்டி?" என்றாள்.

"பன்னெண்டு."

"இருபது போகணும்" என்றாள் அண்ணி. சட்டையை மடித்து வைத்தாள்.

அதன் பிறகு தினமும் சில்லுதான் வந்து ஊட்டினாள்; அண்ணி பாப்பாவுக்கு ஊட்டவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கட்டடத்துக்கு வெளியே போய், படியில் முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். மருத்துவமனைக்குப் போன பிறகும், சில்லு போனால் கேட்பது ஒரே கேள்விதான். பதினாலு, பதினாறு, பதினஞ்சு என்று சில்லு சொல்லுவாள். கடைசி நாள் பாப்பா உண்மையில் சாப்பிட்டது பதினேழு. "இருபது அண்ணி" என்றாள் சில்லு. அண்ணி தலையை ஆட்டினாள். பிறகு எதுவும் கேட்கவில்லை.

சில்லு அந்த அறைக்கே குடிவந்தாள். இஸ்திரித் தொழில் நின்றது. பெட்டி நிற்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை, அந்த ஒரே சேலையைத் தேய்த்துத் தேய்த்துக் கையைச் சூடு பண்ணினாள். படிவம் வந்தபோது முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவதிலும் அதையே எழுதப் போய்க் கை நின்றது. அண்ணி ஏன் அப்படி எழுதினாள் என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு வாரம் யோசித்து, டெப்போ நேரத்தில் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற மூன்றாம் மாடி அம்மாவை அதில் அவர் பெயரை எழுதச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் அவளால் யாரிடமும் கேட்க முடியவில்லை. அம்மா போய்விட்டது பாப்பாவுக்குத் தெரியுமா? இந்தக் கையை அவள் அம்மாவின் கை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாளா? அப்படியென்றால் நான் பிள்ளையை ஏமாற்றுகிறேனா? டெப்போவில் பாக்கெட் அடுக்கும்போதெல்லாம் இதுதான் ஓடும்.

அண்ணி போன ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம் மின்சாரம் போயிற்று. சில்லு காத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. பாப்பாவுக்குப் பசி, முனக ஆரம்பித்துவிட்டாள். அடுப்பு மூட்டலாமென்றால் கேஸ் தீர்ந்திருந்தது. துணியில் உரசிப் பார்த்தாள். அந்தக் கையாவது சூடாவதாவது. வேறு வழியில்லாமல் சில்லென்ற கையையே தாடையில் வைத்தாள்.

பாப்பா உதட்டை மூடிக்கொண்டாள். முகத்தை மெல்லத் திருப்பினாள், இஸ்திரி மேசை இருக்கும் பக்கம். அங்கே ஏதாவது சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தாள். பெட்டி நகர்கிற சத்தமோ, தண்ணீர் தெளிக்கிற சத்தமோ, ஒரு செருமலோ. வெகுநேரம் கேட்டாள். சில்லு கையை எடுக்கவில்லை. பிறகு பாப்பா முகத்தைத் திருப்பி, அந்தக் குளிர்ந்த கையிலேயே கன்னத்தை வைத்து, வாயைத் திறந்தாள்.

இருபது கரண்டி போயிற்று.

எந்த நாளுக்காக அத்தனை பாடுபட்டாளோ, அந்த நாள் வந்துவிட்டது. சில்லு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வராமலே இருந்திருக்கலாமே என்று அழுதாள்.

மறுநாள் மின்சாரம் இருந்தது. மூன்றாம் மாடி அம்மா படியிறங்கி வந்தபோது, சில்லு மேசையில் நின்று அந்தச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஜில்லுன்னு கை வச்சும் பாப்பா சாப்பிட்டாள்னு சொன்னீங்களே. இன்னும் எதுக்கு இது?"

சில்லு பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சேலையில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கு வேண்டாங்க. எனக்கு" என்றாள்.