முகாமில் தலையெண்ணிய நாளில் கணக்குப் பரீட்சை

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை காலை பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில். அதே காலையில் எங்கள் அகதி முகாமில் தலையெண்ணப் போகிறார்கள் என்று முந்தின நாள் சாயந்திரம்தான் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இலங்கையில், மன்னாரில் ஷெல்லடியில் எங்கள் பள்ளிக்கூடம் இடிந்துபோனபிறகு படகேறி வந்தவர்கள் நாங்கள். இடையில் படிப்பு விட்டுப்போனதால் வகுப்பில் நான்தான் மூத்தவள். இந்தப் பரீட்சையையும் விட்டால் ராஜபாளையத்தில் மில் வேலைதான். அம்மா அதற்கு ஆள்கூடப் பேசிவைத்திருந்தாள்.

தலையெண்ணும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பெயர் வெட்டுப்படும், அரிசி நின்றுபோகும். காய்ச்சல்காரர்களைக்கூடத் தூக்கிவந்து உட்காரவைப்பார்கள். வீட்டு வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீடோ கடைசி வரிசையில்.

அதிகாரி வந்து உட்காரும்போதே ஒரு பஸ் போய்விட்டது. அடுத்ததை விட்டால் பரீட்சையை மறந்துவிட வேண்டியதுதான். எங்களை முதலில் கூப்பிடச் சொல்லி அம்மா கெஞ்சினாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு பிள்ளைக்காக வரிசைய மாத்த முடியாதும்மா. போய் நில்லு."

அந்த மனிதரை நாற்காலியோடு கவிழ்த்துவிட வேண்டும்போல இருந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

முதல் வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். குழாயடியில் நடந்த குடச் சண்டைக்குப் பிறகு அவளும் அம்மாவும் முகம் பார்ப்பதில்லை. அவள் மகளுக்கும் என் வயதுதான். என் பள்ளிச் சான்றிதழ் எங்கள் பைக்குள் தப்பி வந்தது. அந்த மகளுடையது வீட்டோடு எரிந்துபோனது. அதனால் எந்தப் பள்ளியிலும் அவளைச் சேர்க்கவில்லை. என் சீருடையைக் கண்டாலே தாய்க்காரிக்கு ஆகாது என்பாள் அம்மா.

முதல் வீட்டுக்காரி அதிகாரிக்கு எதிரில்தான் நின்றாள். ஆனால் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை. அவர் பேனாவைத் தூக்கினார். ஆள் இல்லை என்று எழுதப்போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"எழுதுங்கோ. அந்தப் பிள்ளையைக் கூப்பிடுற வரைக்கும் நான் இங்க இல்லை" என்றாள்.

அவர் எழுதினார். அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவரும் பேசவில்லை. அதற்கடுத்தவரும் பேசவில்லை. கடைசியில் கடுகடுவென்று எங்கள் பெயரைக் கூப்பிட்டார். குரல் கொடுத்துவிட்டு ஓடினேன்.

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. "ஏட்டி, படியில நிக்காத, உள்ள வா" என்று கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தார். பள்ளியில் மணி அடித்து முடித்திருந்தார்கள், கதவை இன்னும் சாத்தவில்லை. அவசரத்தில் முதல் கணக்கையே தப்பாகப் போட்டு அடித்தேன்.

சாயந்திரம் நான் திரும்பியபோது அம்மா எங்கள் அரிசியை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லோரையும் எண்ணிய அதிகாரி, முதல் வீட்டை மட்டும் திரும்பக் கூப்பிடவே இல்லையாம். ஒரு பங்கை நானே சுளகில் அந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகள்தான் வாசலுக்கு வந்தாள். அரிசியை அவள் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கேள்வித்தாளை வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். உள்ளேயிருந்து தாய் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். அவள் காதில் விழவில்லை.